கரடியின் வெள்ளை லைட்டு

ஒரு மலைக்காட்டில் கரடி ஒன்று வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஆண்டியப்பன். அடிவாரக் குளத்திலிருந்து உச்சிச் சுனை வரைக்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பகலில் நாலு நடை, பொழுது சாய்ந்தபின் ஒரு நடை. முயல், கீரி, முள்ளம்பன்றி எல்லாம் அந்தக் காரில்தான் ஏறும். முள்ளம்பன்றிக்கு மட்டும் பின் சீட்டு முழுவதையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதில் யாரும் ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை!

ஆண்டியப்பனுக்கு அந்தக் கடைசி நடைதான் உயிர். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.

அந்த நாளில் மலையில் மொத்தமே ஏழெட்டு வண்டிகள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் பல்புதான். லைட்டுக் கண்ணாடியின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க. வளைவில் எதிர் வண்டி தெரிந்ததும் இரண்டு பேரும் லைட்டை டிம் பண்ணுவார்கள். மேலே ஏறுகிற வண்டிக்கு வழி. பக்கத்தில் வரும்போது வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை.

"சாப்டாச்சாண்ணே?"

"ஆச்சுப்பா! ஒன்பதாவது வளைவுல யானை நிக்குது, பாத்துப் போ!"

அவ்வளவுதான் பேச்சு. வண்டி போய்விடும். ஆனால் அந்த ஒரு வார்த்தை வீடு போய்ச் சேரும்வரை கூடவே வரும். பங்காளிச் சண்டையில் முகம் பார்க்காமல் திரிந்த நரியும் ஓநாயும்கூட ரோட்டில் ஒன்றுக்கொன்று லைட்டைத் தணிக்காமல் போனதில்லை. என்ன காலம் அது! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆண்டியப்பனுக்குக் கடைசி நடை உயிர்.

எதிரே வருகிறவர்களில் அதற்கு ரொம்பப் பிடித்தது சடச்சி. சடச்சி ஒரு கடமான். மலைவாழை ஏற்றிய வேன் ஓட்டியது. இரண்டும் ஒரே வருஷத்தில் லைசென்ஸ் எடுத்தவை. கூடப் பிறக்கவில்லையே தவிர, அண்ணன் தங்கச்சிதான். கடந்து போகிற போக்கில் சடச்சி ஒரு சீப்புப் பழத்தைக் காருக்குள் எறியும். "காசு வேணாமா தாயி?" என்று கரடி கத்தும். "அடுத்த வளைவுல குடுண்ணே!" என்று சிரித்துக்கொண்டே சடச்சி போய்விடும்.

வருஷங்கள் ஓடின. கரடிக்குப் பிறவியிலேயே பார்வை மட்டு. வயசும் ஏற ஏற, மாலையானால் ரோடு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் நடு ரோட்டில் பிரேக் போட்டு, பாம் பாம் என்று ஹாரன் அடித்தது.

"என்ன டிரைவரே, மைல்கல்லை ஒதுங்கச் சொல்றீங்களா?" என்று முயல் கேட்டது. கார் முழுக்கச் சிரிப்பு!

ஆண்டியப்பனும் சிரித்து மழுப்பியது. ஆனால் மனசுக்குள் சொல்லிக்கொண்டது. "கண்ணு மங்கிடுச்சுன்னு தெரிஞ்சா கடைசி நடையைப் பிடுங்கிடுவாங்களே! அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?"

கண் டாக்டரிடம் போக வேண்டிய கரடி எங்கே போனது தெரியுமா? கருமந்தி வீராசாமியின் கார் டெக்கர்ஸ் கடைக்கு!

"வாங்கண்ணே! உங்களுக்குன்னே வந்திருக்கு, செனான்னு வெள்ளை லைட்டு! மாட்டினீங்கன்னா ராத்திரி பகலாயிடும்!" என்றது மந்தி.

"சட்டத்துல இதுக்கு இடம் இருக்கா தம்பி? வண்டியைச் சோதிக்க எஃப்.சி.க்குப் போனா கொக்கு இன்ஸ்பெக்டர் பிடிச்சுக்குமே!"

"அட, நீங்க ஒண்ணு! சிறுத்தையோட புதுக் காரைப் பாத்தீங்கல்ல? கம்பெனியிலேயே வெள்ளை லைட்டு! அதுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?"

நியாயம்தானே என்று தோன்றியது கரடிக்கு. நமக்கு வேண்டியதை எவன் சொன்னாலும் நியாயமாகத்தான் தோன்றும்! இருந்தாலும் கேட்டது. "அட்டைப் பெட்டியில பொடிசா என்னமோ எழுதியிருக்கே, கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

மந்தி படித்தது. "அதிக வெளிச்சம் தரும். நெடுநாள் உழைக்கும். அம்புட்டுதாண்ணே!"

இன்னும் ஒரு வரி இருந்தது. 'சாலையில் ஓடும் வண்டிகளில் பொருத்தக் கூடாது.' அதன் மேல் மந்தியின் கட்டைவிரல் இருந்தது.

பழைய மஞ்சள் பல்பு இருந்த அதே கிண்ணத்தில் மந்தி வெள்ளை பல்பைச் சொருகியது. கண்ணாடியில் இருந்த கறுப்புப் பொட்டையும் சுரண்டி எடுத்தது.

"ஏ, அது இருந்துட்டுப் போகட்டுமேப்பா!" என்றது கரடி.

"வெளிச்சத்தை மறைக்கும்ணே!"

கரடி காசை எண்ணிக் கொடுத்தது.

முதல் நாள் மாலை ஆண்டியப்பனுக்குக் கொண்டாட்டம். ரோட்டில் ஊர்கிற எறும்பு தெரிந்தது! மரத்தில் பட்டை உரிந்தது தெரிந்தது! இருபது வயசு குறைந்த மாதிரி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு ஓட்டியது.

ஆனால் எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. டிரைவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். கரடி டிம் போட்டுத்தான் பார்த்தது. டிம்மிலும் அதே வெளிச்சம்தான் நாலாபக்கமும் சிதறியது. ஜன்னலைத் தாண்டும்போது நரி கத்தியது. "கண்ணை அவிக்கிறதுக்குன்னே கிளம்பி வந்திருக்கியாய்யா!"

"வயித்தெரிச்சல்!" என்று முணுமுணுத்தது கரடி.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. எதிரே வந்த ஒருவர்கூட, "சாப்டாச்சா" என்று கேட்கவில்லை. ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியே இருந்தன. எறும்பெல்லாம் தெரிந்தது, ஒரு முகமும் தெரியவில்லை. கரடிக்கு மனசு என்னவோ போல இருந்தது. "சடச்சி இருந்தா பேசும்" என்று தேற்றிக்கொண்டது. சடச்சி அப்போது ஒரு மாதமாகப் பக்கத்து மலையில் பழம் ஏற்றப் போயிருந்தது. அதற்கு வெள்ளை லைட்டு சங்கதியே தெரியாது.

சடச்சி திரும்பி வந்த அன்று பொழுது சாய்ந்தபின் சாரல் மழை. பதினோராவது வளைவில் வேன் எதிரே வருவதைக் கரடி பார்த்தது. எவ்வளவு தெளிவாகப் பார்த்தது! சடச்சியின் காதில் ஒட்டியிருந்த வாழைச் சருகுகூடத் தெரிந்தது. "தங்கச்சி!" என்று சந்தோஷத்தில் ஹாரன் அடித்தது.

வேன் வளைவில் திரும்பவில்லை. நேராகப் போனது. ரோட்டோரச் சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் சரிந்தது. நல்ல வேளை, ஒரு காட்டுப் பலா மரம் குறுக்கே நின்று தாங்கியது. ரோடெல்லாம் வாழைப்பழம் உருண்டது.

ஆண்டியப்பன் லைட்டை அணைத்தது. விழுந்தடித்து ஓடியது. கதவைப் பிய்த்து எறிந்து, சடச்சியைத் தூக்கி வந்து ரோட்டோரம் கிடத்தியது. முன்னங்கால் ஒன்று தொங்கியது. இறுக மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"யாரு?"

"நான்தான் தாயி, ஆண்டியப்பன்."

"அண்ணே! நீயா! எந்தப் பாவியோ வெள்ளை வெளிச்சத்தைக் கண்ணுல அடிச்சிட்டுப் போயிட்டான். ரோடே தெரியலண்ணே! கடவுளாப் பாத்து உன்னை அனுப்பிச்சிருக்கு. நீ வரலேன்னா நான் செத்திருப்பேன். நீ நல்லா இருக்கணும்ணே!"

'நான்தான் அந்தப் பாவி' என்ற வார்த்தை கரடியின் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது.

"பேசாதே தாயி, வலி அதிகமாகும்" என்றது கரடி.

அடிவாரத்து வைத்திய சாலையில் சடச்சிக்குக் கட்டுப் போட்டார்கள். மறுநாள் மாலை, அதன் பக்கத்துச் செக்போஸ்டில் கொக்கு இன்ஸ்பெக்டர் ஆண்டியப்பனின் காரை நிறுத்தியது. ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி லைட்டைப் பார்த்தது.

"எதிர்ல வர்றவங்க எல்லாம் புகார் சொல்றாங்க. இதை எப்ப மாட்டினே?"

"சட்டப்படி சரிதான் ஐயா! சிறுத்தை கார்லயும் இதே வெள்ளை லைட்டுதானே?"

"வெள்ளை லைட்டு குத்தம்னு யார்யா சொன்னா? சிறுத்தை காருக்கு அந்த பல்புக்குன்னே கண்ணாடி செஞ்சிருக்கான். வெளிச்சம் ரோட்டுல மட்டும் விழுற மாதிரி வச்சிருக்கான். சுமை ஏறி முன்பக்கம் தூக்கினா, லைட்டு தானாத் தாழ்ந்துக்கும். சோதிச்சு, முத்திரை குத்திக் குடுத்தது அது. நீ மஞ்ச பல்புக் கிண்ணத்துல இதைக் கொண்டு போய்ச் சொருகியிருக்கே. அது எதிர்ல வர்றவன் கண்ணுலதான் போய் விழும். சட்டத்துல இதுக்கு இடமே கிடையாது!"

"எனக்கு நல்லாத்தானே தெரியுது ஐயா!"

"உனக்குத் தெரியுது, சரி. இறங்கு. முன்னால இருபதடி போய் நில்லு!"

கரடி போய் நின்றது. கொக்கு காரில் ஏறி சுவிட்சைப் போட்டது.

"ஐயோ, கண்ணு!" கரடி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தடுமாறியது. பின்னால் நகர்ந்தது, கால் இடறிக் குளத்துச் சேற்றில் பொத்தென்று விழுந்தது. "எந்தப் பாவிடா அவன்! அணைடா! எனக்கு ஒண்ணுமே தெரியலியே!"

லைட்டு அணைந்தது. கொக்கு சத்தம் போடாமல் சொன்னது. "உன் வண்டிதான்யா அது. பதினோராவது வளைவுலயும் இதே வண்டிதான்."

சேற்றிலிருந்து எழுந்த கரடிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் தெரிந்தது. வைத்திய சாலை வாசலில் மூன்று கால்களில் சடச்சி நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தது.

"ஆமா தாயி," என்றது கரடி. "நான்தான்."

சடச்சி தன் காலில் இருந்த கட்டைப் பார்த்தது. பிறகு கேட்டது. "காலு கூடிரும்ணே. அது போகட்டும். நேத்து உன்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையா நன்றி சொன்னேனே... அதை எப்படிண்ணே வாங்கிக்கிட்டே?"

கரடி தன் காரிடம் போனது. பானட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு விக்கி விக்கி அழுதது. சடச்சி நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டது.

அன்றே பல்பைப் பிடுங்கிப் போட்டார்கள். வீராசாமியின் கடையைக் கொக்கு பூட்டி சீல் வைத்தது. ஆண்டியப்பன் யாரும் சொல்லாமலே கண் டாக்டரிடம் போனது. "பகல்ல ஓட்டலாம். பொழுது சாய்ஞ்சா ஸ்டியரிங்கைத் தொடாதே" என்றார் டாக்டர் ஆந்தை. எந்தக் கடைசி நடைக்காக அது இத்தனையும் செய்ததோ, அந்த நடையைத் தானே போய், ராத்திரியில் நன்றாகக் கண் தெரிகிற புனுகுப் பூனையிடம் ஒப்படைத்தது.

நாலு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் ஐந்தாவது வளைவில் சடச்சியின் வேன் எதிரே வந்தது.  கரடி காரை நிறுத்தி, ஜன்னலை இறக்கியது.

"கால் எப்படி இருக்கு தாயி?"

சடச்சியும் வேனை நிறுத்தியது. கோபம் இல்லை அதன் முகத்தில். மரியாதையாகத்தான் பேசியது.

"நல்லா இருக்கு டிரைவர். நீங்க பாத்துப் போங்க."

அண்ணே என்று அது கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் கூப்பிடவில்லை.

தன் குறையை மறைக்கப் பிறர் கண்ணைக் கூச வைக்கிறவர், கடைசியில் தன்னை நம்பியவரையே இழப்பார்.