அணியத்துத் தேங்காய்

நீர்வளம் குன்றாத கயற்பாடி நாட்டை மானதுங்கர் என்னும் மன்னர் ஆண்டுவந்தார். அறிவிலும் குறைவில்லை; அன்பிலும் குறைவில்லை. ஆயினும் படகில் ஏறிவிட்டால் மட்டும் அவருக்கு வயது ஐந்தாகிவிடும். படகின் நடுவே பந்தலிட்டு வைத்திருப்பார்கள். அரசரோ தம் பட்டு மெத்தையைத் தாமே தூக்கிக்கொண்டு நேரே அணியத்திற்குப் போய்விடுவார். அணியமாவது, நீரைக் கிழித்துச் செல்லும் படகின் முன்முனை. அங்கே மெத்தையை விரித்து, கால்கள் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு, ஓடும் நீரைப் பாதத்தால் உதைத்தபடி, மீசை காற்றில் பறக்க வீற்றிருப்பார்.

"விழுந்துவிடப் போகிறீர்கள்" என்று அமைச்சர் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்று மாலையே ஆணை பிறந்தது: "நாம் விழுவோம் என்று வாய்திறப்பவன் எவனாயினும் நாடு கடத்தப்படுவான்." இதனைக் கேள்வியுற்ற அரசரின் தாயார் தம் பங்குக்கு ஓர் ஆணை பிறப்பித்தார்: "என் மகன் விழுந்தால் ஓடக்காரன் நாடு கடத்தப்படுவான்."

இவ்விரண்டு ஆணைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவன் அரச ஓடக்காரனாகிய சடையாண்டி. புதுவெள்ள விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் அவன், அவையில் சாதுர்யத்திற்குப் பேர்பெற்ற மருதப்பிரானின் வாசலில் வந்து நின்றான்.

"சாமி, சொன்னாலும் நாட்டை விட்டுப் போகணும். சொல்லாட்டியும் போகணும். வடக்கே போறதா, தெற்கே போறதான்னு மட்டும் சொல்லுங்க. மூட்டை கட்டிடறேன்."

"ஏனப்பா, அரசருக்கு நீந்தத் தெரியாதா?"

"நல்லாவே தெரியும். நேரம் இருக்காதுங்க. வெள்ளத்துல மணல்திட்டு கண்ணுக்குத் தெரியாது. படகு அதுல ஒரு குலுக்குக் குலுக்கிட்டு மேலே போகும். பக்கவாட்டுல விழுந்தாலாவது படகு விலகிப் போயிடும். முன்னால விழுந்தா அவர் மேலேயே ஏறிப் போகும். நான் பின்னால துடுப்பை எதிர்த்துப் போட்டாலும் வெள்ளம் என் பேச்சைக் கேக்காது."

மருதப்பிரான் வெற்றிலையை மடித்து வாயிலிட்டுச் சற்று மென்றார்.

"விழாவன்று அணியத்துக்கு என்னென்ன சடங்கு செய்வீர்கள்?"

"முதல் துறையில மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. ரெண்டாந்துறையில சந்தனம் அப்பிக் குங்குமம் வெப்பாங்க. மூணாந்துறையில தேங்காய் உடைப்பாங்க. இதெல்லாம் எப்பவும் உள்ளதுதானே? ராசா விழாப் படகுல வர்றதுதான் இந்த வருசம் புதுசு."

"மூட்டை கட்டாதே. வீட்டுக்குப் போ."

மறுநாள் அவையில் மருதப்பிரான் பணிவே வடிவாக எழுந்து நின்றார். "வேந்தே, அணியத்துச் சடங்குகளை இவ்வாண்டு கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?"

"குறைப்பதா?" என்று அரசர் சினந்தார். "முன்னோர் வகுத்த வழக்கம். அதில் ஒன்றும் குறையக்கூடாது. துறைதோறும் பறையறைந்து சொல்லுங்கள்."

"தங்கள் சித்தம்" என்று மருதப்பிரான் அமர்ந்துகொண்டார்.

விழாநாள் வந்தது. அரசர் வழக்கம்போல் அணியத்தில் மெத்தை விரித்தார். முதல் துறையில் பெண்கள் மஞ்சள் நீர்க் குடங்களோடு தயங்கி நின்றனர். "ஒன்றும் குறையக்கூடாது என்பது அரசாணை" என்று மருதப்பிரான் பந்தலிலிருந்து நினைவூட்டினார். பதினான்கு குடம் மஞ்சள் நீர் அரசர் தலையில் இறங்கியது. மீசை மஞ்சளாயிற்று. "மங்கலம், மங்கலம்" என்று அரசர் தும்மினார்.

இரண்டாந்துறையில் முழங்காலிலிருந்து மூக்குவரை சந்தனம் அப்பினார்கள். காதுக்குள் புகுந்த சந்தனத்தை அரசர் விரலால் தோண்டிக்கொண்டிருக்கும்போதே மூன்றாந்துறை வந்துவிட்டது. அங்கே இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு காத்திருந்தவள் பூவாயி. அத்துறையில் தேங்காய் உடைப்பது அவள் குடும்பத்து உரிமை. கையிலோ குண்டுக்கல்போல் ஒரு தேங்காய்.

"ராசா, கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்குங்க."

"எதற்கு?"

"தேங்காய் ஒரே போடுல உடையணும். ரெண்டாம் தரம் போட்டா ஊருக்கு ஆகாது."

"எதன்மேல் உடைப்பாய்?"

"அணியத்துல எது உசரமா இருக்கோ அதுமேலதான். வருசாவருசம் மரக்கட்டை இருக்கும். இந்த வருசம் நீங்க இருக்கீங்க."

அரசர் மெல்லத் திரும்பி மருதப்பிரானைப் பார்த்தார். "இந்த ஒரு சடங்கை மட்டும்..."

"ஒன்றும் குறையக்கூடாது என்று பறையறைந்தாயிற்று, வேந்தே. அதை மீறும் முதல் ஆள் தாங்களாகவா இருக்கவேண்டும்?"

பூவாயி தேங்காயை உயர்த்திக் குறிபார்த்தாள். அரசர் ஒரு கணம் சிந்தித்தார்.

"வெயில் தாங்கவில்லை. பந்தலுக்குள் வருகிறோம்" என்று சொல்லி எழுந்தார். வானமோ காலையிலிருந்தே மூடிக்கிடந்தது.

தேங்காய் மரக்கட்டையின்மேல் ஒரே போடில் இரண்டாயிற்று. படகு புறப்பட்டது. அவசரத்தில் அரசர் மெத்தையை அணியத்திலேயே விட்டிருந்தார். நூறு முழம் போயிருக்காது. மணல்திட்டு இடித்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கிற்று. மெத்தை எம்பி முன்னால் விழுந்தது. படகு அதன்மேல் ஏறிச் சென்றது. பின்புறம் நீரில் முதலில் பஞ்சு மிதந்தது. பிறகு கிழிந்த பட்டு வந்தது.

அரசர் அதனை நெடுநேரம் நோக்கினார். தம் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சடையாண்டி, மெத்தைக்கு நீந்தத் தெரியாதோ?"

"தெரிஞ்சாலும் நேரம் இருக்காதுங்க."

அரசர் மருதப்பிரானிடம் திரும்பினார். "இதைத்தானே நீர் சொல்ல வந்தீர்?"

"நான் ஒன்றுமே சொல்லவில்லை, வேந்தே. சொன்னால் நாடு கடத்துவீர்கள்."

அரசர் சந்தனம் உதிர உதிரச் சிரித்தார். மருதப்பிரானுக்கு முத்துமாலையும் சடையாண்டிக்குப் புதுப் படகும் அளித்தார். பழைய ஆணைகள் இரண்டையும் கிழித்தெறிந்துவிட்டு, மூன்று துறைகளிலும் ஒரே ஆணையைக் கல்லில் வெட்டுவித்தார்: "ஓடும் படகின் அணியத்தில் அமர விரும்புவோர் தாராளமாக அமரலாம். தேங்காய் மட்டும் குறையக்கூடாது."

பூவாயி ஆண்டுதோறும் தேங்காயோடு காத்திருந்தாள். மரக்கட்டையைத் தவிர ஒருவரும் வரவில்லை.