மூங்கில் குழாயில் வந்த விருந்து

காட்டோரம் ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. தாய் ஆடுகள் காலையில் இடையனோடு மேய்ச்சலுக்குப் போய்விடும். குட்டிகள் மட்டும் முள்வேலிக்குள் இருக்கும். அவற்றுக்குக் காவல் சடையன் என்ற நாய்.

சடையன் பலசாலி. அவன் குரைத்தால் மலையடிவாரம் வரை கேட்கும். அதனால் எந்த விலங்கும் பட்டிப் பக்கம் வராது. எதுவும் வராததால் அவனுக்கு வேலையும் இல்லை. பகல் முழுவதும் வாசலில் படுத்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் நரி ஒன்று தூரத்தில் நின்று கூப்பிட்டது.

"என்ன சடையா, பொழுதே போகவில்லையா?"

"கிட்டே வராதே! கடித்துக் குதறிவிடுவேன்!"

"நான் ஏன் வருகிறேன்? உனக்கு ஒரு பண்டம் கொண்டுவந்தேன். வைத்துவிட்டுப் போகிறேன்."

அது ஒரு மூங்கில் குழாய். ஒரு பக்கம் கணு அடைத்திருந்தது. உள்ளே நண்டுச் சதையும் முயல் கொழுப்பும் திணிக்கப்பட்டிருந்தன.

சடையன் வெகுநேரம் அதைத் தொடவில்லை. ஆனால் வெயில் ஏற ஏறக் கொழுப்பு உருகி மணத்தது. ஒருமுறை நக்கிப் பார்த்தான். பிறகு விடவே முடியவில்லை. நாக்கு பாதிவரைதான் எட்டியது. மீதியை எடுக்கக் குழாயைக் கடித்தான், உருட்டினான், காலால் அழுத்தினான். பொழுது போனதே தெரியவில்லை!

மறுநாளும் குழாய் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பட்டிக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. 'நரி நல்லவன்தான் போலிருக்கிறது' என்று சடையன் நினைத்துக்கொண்டான். நரியோ ஒவ்வொரு நாளும் இன்னும் ஆழமாக, இன்னும் இறுக்கமாகத் திணித்துக் கொடுத்தது.

ஒரு நண்பகலில், சுட்டி என்ற பெண்குட்டி வாசலுக்கு ஓடிவந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள குட்டி அது. சடையனின் வயிற்றில் தலைவைத்துத் தூங்கும் பழக்கம் அதற்கு உண்டு.

"சடையண்ணா! பின்வேலியில் ஏதோ அசைகிறது!"

"காற்றாக இருக்கும். போய்ப் படு!"

"காற்றே அடிக்கவில்லையே, அண்ணா!"

"போ என்றால் போ!"

சுட்டி போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. சடையனின் காது நிமிர்ந்தது. அது சுட்டியின் குரல் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கடைசித் துண்டு அப்போதுதான் நாக்கில் பட்டிருந்தது. 'இதோ, இந்த ஒரு வாய்!' என்று இழுத்தான்.

விழுங்கிவிட்டு ஓடினான். வேலியில் ஓர் ஓட்டை. மண்ணில் இழுத்துப்போன தடம். குட்டிகள் மூலையில் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தன. சுட்டியைக் காணவில்லை. தடம் போன வழியே மோப்பம் பிடித்து ஓடினான். அது பாறைகளுக்கிடையே மறைந்துவிட்டது.

மாலையில் தாய் ஆடுகள் திரும்பின. சுட்டியின் தாய் செவலி பட்டி முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே சுற்றினாள். கடைசியில் சடையன் எதிரில் வந்து நின்றாள்.

"என் மகள் கத்தவில்லையா?"

"கத்தினாள்."

"உனக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டது, செவலி. வாயில் இரை இருந்தது. விட்டுவிட்டு எழ மனம் வரவில்லை."

ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று சடையனுக்குத் தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

மறுநாள் நரி ஒன்றும் நடக்காததுபோல் குழாயோடு வந்தது.

"சாப்பிடு சடையா! இன்று தேனும் சேர்த்திருக்கிறேன்!"

"வைத்துவிட்டுப் போ" என்றான் சடையன்.

நரி போனதும் குழாயை வாசலிலேயே விட்டுவிட்டு, பின்வேலி ஓரம் போய்ப் படுத்தான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். காக்கைகள் இறங்கி வந்து குழாயைக் கொத்தத் தொடங்கின. டொக், டொக் என்று சத்தம் கேட்டது. நாய்தான் கடித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிய நரி, சாவகாசமாக ஓட்டையில் தலையை நுழைத்தது.

சடையன் பாய்ந்து அதன் காதைக் கவ்வினான்!

"ஐயோ, விடு! உனக்கு எத்தனை நாள் தின்னக் கொடுத்தேன்! நன்றி இல்லையா?"

"அத்தனைக்கும் சேர்த்துத்தான் சுட்டியைக் கொண்டுபோனாயே!"

நரி காதைக் கிழித்துக்கொண்டு, ரத்தம் ஒழுக ஓடியது. அதன்பின் அந்தப் பக்கம் வரவே இல்லை.

அன்று மாலை குட்டிகள் தத்தம் தாயிடம் ஓடி முட்டி முட்டிப் பால் குடித்தன. செவலி மட்டும் பால் கட்டிய மடியோடு தனியே நின்றாள். சடையன் மெல்ல அவள் அருகில் போனான்.

"நரியை விரட்டிவிட்டேன், செவலி. இனி வராது."

"நல்லது. மற்றவர்களாவது பிள்ளைகளோடு தூங்கட்டும்" என்றாள் அவள். அவன் பக்கம் திரும்பவில்லை.

நம்மை நம்பியிருக்கும் உயிர் அபயக்குரல் எழுப்பும்போது, வாயில் இருப்பது அமுதமே ஆனாலும் அதை அக்கணமே உதறிவிட்டு எழ வேண்டும்; பிந்தி வரும் வீரம் போன உயிரைத் திருப்பித் தராது.