குடத்தை அளந்த நரி

சோலைக்காட்டு மிருகங்கள் மாடு வளர்த்தன. மழைக்காலத்தில் அங்கே இரை கிடைக்காது. அதனால் கரடி பாலைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் வடித்துக் கல்லேற்றிப் பாலாடைக்கட்டி செய்து வைக்கும். குட்டிகள் அதைத் தின்றுதான் மழையைக் கடத்தும்.

எந்தப் பசு தங்கலாம் என்று முடிவு செய்வது நரி. அதற்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். கறந்த பால் குடத்தை நிறைத்தால் பசு தங்கலாம். அதன் கன்றுகளைத்தான் வளர்ப்பார்கள். நிறைக்காத பசுவை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவார்கள். அங்கே புலி இருந்தது.

தலைமுறை தலைமுறையாக இப்படிப் பொறுக்கியதில் மந்தை முழுக்க வெள்ளச்சி என்ற பசுவைப் போன்ற பெரிய மடிக்காரிகள். பழைய இனத்தில் மிஞ்சியவள் செவலை ஒருத்திதான். பாவம், அவள் சினையாக வேறு இருந்தாள்.

“நாளைக்கு நீ கிளம்பிக்கோ” என்றது நரி.

“கன்னு பிறக்கிற வரைக்குமாவது இருக்கேனே, அண்ணா.”

“அரைக்குடம் பாலுக்கு இவ்வளவு புல்லா?”

அந்த நேரம் பார்த்துக் கரடி வந்தது. “இந்த வருஷமும் கட்டி சரியா வரல. அண்டா நிறையப் பால் ஊத்தினா ஒரு கைப்பிடிதான் திரளுது. அதுவும் துணியை அவிழ்த்தா உதிர்ந்து போகுது. குட்டிகளுக்கு என்னத்தைக் கொடுப்பேன்?”

“உன் கைப்பக்குவம் போயிடுச்சு” என்றது நரி. எதற்கும் அடுத்தவர் கையைக் குறை சொல்வது எவ்வளவு சுலபம்!

கரடி செவலையின் அரைக்குடப் பாலை வாங்கிப் போய்க் காய்ச்சியது. மாலையில் துணியை அவிழ்த்தால், கட்டி உதிராமல் துண்டு போடும் பதத்தில் நின்றது.

“இவ பால்ல புரதச் சத்து இருக்கு, திரளுது. மத்தவங்க பால்ல தண்ணிதான் ஜாஸ்தி” என்றது கரடி.

நரி உடனே கட்சி மாறியது. “அப்படின்னா வெள்ளச்சி கிளம்பட்டும்.”

வெள்ளச்சியின் கண் கலங்கியது. “எங்கம்மாவையும் அவளோட அம்மாவையும் குடத்தைப் பார்த்துத்தானே வச்சுக்கிட்டீங்க? பால் கெட்டியா இருக்கான்னு ஒருநாளாவது கேட்டீங்களா? நீங்க கேட்டதைத்தான் கொடுத்தேன். இப்போ புலிக்கு நானா?”

செவலை முன்னால் வந்தாள். “அவ எங்கேயும் போக வேண்டாம். எனக்குக் காளைக்கன்னு பிறந்தா இந்த மந்தைக்கே வச்சுக்கோங்க. அவ மடியும் என் பாலும் ஒரே கன்னுல சேரட்டும்.”

அந்த மழையைக் குட்டிகள் செவலையின் பாலில் செய்த கட்டியைப் பங்கு போட்டுத் தின்று கடத்தின. செவலைக்குக் காளைக்கன்றே பிறந்தது. அவன் வளர்ந்த பிறகு வெள்ளச்சிக்கு அவனால் ஒரு மகள் பிறந்து, அவளும் கறவைக்கு வந்தாள். அவள் பால் குடத்தின் கழுத்து வரைதான் வந்தது. குறை சொல்ல நரி வாயைத் திறந்தது. கரடி அவள் பாலில் செய்த ஒரு துண்டுக் கட்டியை அந்த வாயில் வைத்தது. நரி வெகுநேரம் மென்றது. பிறகு குடத்தை ஓரமாக வைத்தது. அதன்பின் அக்கரைக்கு எந்தப் பசுவும் போகவில்லை.

ஒன்றை மட்டும் அளந்து தேர்ந்தெடுத்தால் மற்ற நல்லவை நம் கையாலேயே குறைந்துபோகும். அந்தப் பழியைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தலையில் கட்டுவது நியாயமல்ல.