முப்பத்தேழு சதவீதமும் ஒரு கிண்ணம் ரசமும்

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்துநான்கு. நாமக்கல்லில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் வயதைப் பார்த்தால் வேலை நடக்காது என்பது அந்த ஊருக்குப் புரிந்து வெகுநாள் ஆகிறது.

சீடரின் பெயர் செங்கோட்டுவேல். ஒரு கோழித் தீவனக் கம்பெனியின் சர்வர் அறைக்குப் பொறுப்பாளர். அதற்கு முன் இருபது வருஷம் அதே கம்பெனியின் எடை மேடையில் லாரிகளை நிறுத்துப் புழுதி தின்றவர். ஒருநாள் ஆபீஸ் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவிக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த முதலாளி அன்றைக்கே அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் மாற்றிவிட்டார்.

அந்த அறையில் ஏசி உண்டு. நாமக்கல் மே மாதத்தை எடை மேடையில் கழித்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சர்வரின் வேலை இதுதான். முப்பத்தெட்டு டிப்போக்களில் எத்தனை மூட்டை போனது, எத்தனை மிச்சம், எந்தப் பண்ணை திடீரென்று வாங்குவதைக் குறைத்தது என்று எல்லாவற்றையும் திரட்டி, காலை ஆறரைக்கு முதலாளியின் செல்போனுக்கு அறிக்கையாக அனுப்பும். முதலாளி அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார்.

செங்கோட்டுவேல் அந்த சர்வருக்குச் சந்தனம் வைத்திருந்தார். குங்குமம் வைத்திருந்தார். ‘தொடாதீர்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். அதைக் கடைசியாக அணைத்து ஏற்றியதிலிருந்து எத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது என்பதைத் தினமும் காலையில் வெள்ளைப் பலகையில் மாற்றி எழுதுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை பலகையில் இருந்த எண் ஆயிரத்து நூற்று இருபத்தேழு.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு விலை இருந்தது. சர்வரில் ஓடும் மென்பொருளில் எங்கேயாவது ஓட்டை தெரிந்தால், அதைத் தயாரித்தவர்களே அடைப்பதற்கு ஒரு திருத்தம் அனுப்புவார்கள். பேட்ச் என்று பெயர். பேட்ச் போட்டால் சர்வரை ஒருமுறை அணைத்து ஏற்ற வேண்டும். மூன்று வருஷத்தில் ஒன்பது பேட்ச் வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் செங்கோட்டுவேல் குருவுக்குப் போன் செய்தார்.

“பேட்ச் வந்திருக்குதுங்க மேடம். போடட்டுங்களா?”

“போடுங்க.”

சரிங்க என்று வைத்துவிடுவார். போட மாட்டார்.

குரு தமயந்தி. ஒரு ஸ்கூட்டரையும் ஒரு லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு, சேலத்திலிருந்து கரூர் வரை கம்பெனி சர்வர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். பேச்சு குறைவு. அவரிடம் வேலை கற்றவர்கள் அதனாலேயே அவரைக் குரு என்றார்கள். கேலியாக ஆரம்பித்தது, நாளடைவில் பழக்கமாகிவிட்டது.

இந்த முறை தப்பிக்க வழியில்லை. திங்கள்கிழமை பதினொரு மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் சர்வரைப் பரிசோதிக்க வருகிறார். ஒரு பேட்ச் பாக்கி இருந்தாலும், சர்வரைக் கவனிக்கும் வேலையைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அப்போது நீங்க எடை மேடைக்கே வந்துருங்க, அங்கேயும் ஆள் தேவைதான் என்றும் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் செங்கோட்டுவேலைத் தூங்கவிடவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஆபீசில் யாரும் இல்லாத நேரத்தில், தமயந்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் டிபன் கேரியர்.

செங்கோட்டுவேல் வாசலிலேயே கேட்டார்.

“மேடம், பயமில்லாம பேட்ச் போடறது எப்படிங்க?”

தமயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பலகையில் இருந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படி என்ன பயம் என்று கேட்டார்.

செங்கோட்டுவேல் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன் எடை மேடைக் கம்ப்யூட்டரில் இப்படித்தான் ஒரு பேட்ச் போட்டார். அதோடு அது செத்துப்போனது. லாரி வரிசை டோல்கேட் வரை நின்றது. டிரைவர்கள் அவருடைய வம்சத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

“எத்தனை சதவீதத்துல செத்துச்சு?”

“முப்பத்தஞ்சோ என்னமோங்க. அரை மணி நேரம் அசையவே இல்லீங்க.”

“அப்புறம்?”

“ஸ்விட்சை அணைச்சேனுங்க.”

தமயந்தி தலையை ஆட்டிக்கொண்டார். பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

செங்கோட்டுவேலுக்கு அன்று முதல்முறையாக முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் மூன்று வருஷமாகக் காத்திருந்தார் என்று சொல்லலாம். இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே மஞ்சள் துணியில் சுற்றி, தேதி ஒட்டி, பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். சர்வரில் மாட்டிய டிஸ்க்கில் ஒருநாள் விடாமல் ராத்திரி தானாகவே நகல் எடுக்கும் ஏற்பாடு; டிஸ்க் நிறைந்தால் கழற்றி பீரோவில் வைப்பார். காலையில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் மெயில் வரும். மாதா மாதம் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. ‘பேக்கப் சரிபார்க்கப்பட்டதா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தேழு படிவங்களையும் பைலில் போட்டு வைத்திருந்தார்.

“ஒண்ணைத் திறந்து பாருங்க.”

“திறக்கணுமுங்களா?”

அவர் அதுவரை திறந்ததில்லை. சுற்றி வைத்த துணியைப் பிரிக்கக்கூட மனசு வரவில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் தமயந்தியே டிஸ்க்கை மாட்டிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். ஒரு கோப்பைத் திறந்தார் செங்கோட்டுவேல்.

நாதஸ்வரம் ஒலித்தது.

திரையில் திருச்செங்கோட்டுக் கல்யாண மண்டபம். செங்கோட்டுவேலின் மகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். பந்தி ஓரத்தில் பட்டு வேட்டியோடு நின்ற செங்கோட்டுவேல் கேமராவைப் பார்த்து, சாப்பிட்டுட்டுத்தான் போகோணும் என்றார்.

தமயந்தி வேறொரு டிஸ்க்கை நீட்டினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. சாப்பிட்டுட்டுத்தான் போகோணும் என்றார் செங்கோட்டுவேல்.

மூன்றாவது டிஸ்க் போன வியாழக்கிழமையுடையது. அதிலும் அவர் யாரையும் பட்டினியாக அனுப்பவில்லை.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் சர்வரை நிறுவ வந்தவர், பத்திரமாக இருக்க வேண்டியதை எல்லாம் ‘முக்கியம்’ என்ற கோப்புறையில் போடுங்கள், தினமும் அது நகலாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அறிக்கைகள் அதில் தானாகப் போய் விழும் என்று செங்கோட்டுவேல் நினைத்துக்கொண்டார். அந்த வாரம்தான் மகள் கல்யாணம். போட்டோக்காரர் கொடுத்த வீடியோவைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த உறையில் போட்டார். உறை காலியாக இருந்திருந்தால் மெயில் சிவப்பில் வந்திருக்கும். கல்யாணம் அதை நிறைத்துவிட்டது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் முறை கல்யாணம் நகலானது. அறிக்கை ஒருமுறைகூட ஆகவில்லை.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. செங்கோட்டுவேலுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது.

“அம்மிணி,” என்றார். பயம் அளவு மீறினால் அவருக்கு மேடம் என்று வராது. “இத்தனை நாள் ஒண்ணும் ஆகலீங்களே.”

“ஆகலைன்னு யாருங்க பார்த்தது?”

செங்கோட்டுவேல், முதலாளியிடம் சொல்லிவிடுவீர்களா என்று மெதுவாகக் கேட்டார். தமயந்தி டிஸ்க்குகளை மஞ்சள் துணியில் பழையபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

“நான் சொல்றதுக்கு என்னங்க இருக்குது. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு இனி ஒரு குறையும் வராதுங்க.”

அதன்பின் வேலை தொடங்கியது. அறிக்கைகள் இருக்கும் இடத்தை அவரையே தேடிக் கண்டுபிடிக்க வைத்தார். அவரையே நகல் எடுக்க வைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. ‘வெற்றி’ என்று பச்சையில் வந்தது. செங்கோட்டுவேல் எழுந்தார். உட்காருங்க என்றார் தமயந்தி. எடுத்த நகலைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, அதிலிருந்து ஒரு அறிக்கையைத் திறக்கச் சொன்னார். எதைத் திறப்பது என்று கேட்டார் சீடர். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எதையாவது என்றார் குரு.

போன செவ்வாய்க்கிழமை, ராசிபுரம் டிப்போ, நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை. ராசிபுரம் லாரிக்கு வழக்கமாக நானூறுதான். அந்தப் பன்னிரண்டு மூட்டைக்காக அன்று போனில் பெரிய ரகளை. அதனால் நினைவிருந்தது. பழைய கம்ப்யூட்டரின் மங்கிய திரையில் நானூற்றுப் பன்னிரண்டு என்றே வந்தது. செங்கோட்டுவேல் அந்த எண்ணைத் தன் மகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பன்னிரண்டரை மணிக்கு பேட்ச். ஒன்பதையும் வரிசையாகப் போட வேண்டுமோ என்று அவர் பயந்திருந்தார். கடைசிப் பேட்ச் முந்தையவற்றையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும், ஒன்று போதும் என்றார் தமயந்தி. மூன்று வருஷம் ஒன்பது பயமாக இருந்தது இப்போது ஒரே பயமாகத் திரண்டு நின்றது.

அவரே பட்டனை அழுத்தினார். பட்டை நகர்ந்தது. பத்து. இருபது. முப்பத்தேழு.

முப்பத்தேழில் நின்றது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். செங்கோட்டுவேலின் வலது கை தானாகவே மவுஸ் பக்கம் போனது. ‘ரத்து செய்’ என்ற பட்டன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தமயந்தி டிபன் கேரியரைத் திறந்தார். மேல் அடுக்கு நிறைய ரசம், விளிம்புக்கு ஒரு நூல் இடம் இல்லாமல். அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“ரெண்டு கையாலயும் பிடிங்க. சர்வர் ரூமுங்க, ஒரு சொட்டு சிந்தக் கூடாது.”

வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது. தமயந்தி எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாதத்தைப் பிசைந்து பொரியலோடு சாப்பிட ஆரம்பித்தார். ரசம் வேண்டாமா என்று சீடர் கேட்டார். கடைசியில்தானே ரசம் என்றார் குரு.

இருபத்தைந்தாவது நிமிஷம் முதலாளியின் போன் வந்தது. செங்கோட்டுவேல் ரசத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். தமயந்தி இடது கையால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முன் வைத்தார்.

“ஆச்சுங்களா?” என்றார் முதலாளி.

“ஆயிட்டிருக்குதுங்க. முப்பத்தேழு சதவீதமுங்க.”

“எவ்வளவு நேரமா?”

“கொஞ்ச நேரமாங்க.”

“நின்னு போச்சோ? அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்களேன்.”

செங்கோட்டுவேல் கிண்ணத்தைப் பார்த்தார். மேலே மிதந்த கறிவேப்பிலை லேசாக நடுங்கியது.

“முடியாதுங்க,” என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் முதலாளியிடம் அவர் முதல்முறை சொன்ன வார்த்தை அது. முதலாளி, சரி பாருங்க என்று போனை வைத்துவிட்டார்.

நாற்பத்தொன்றாவது நிமிஷம் பட்டை எந்த அறிவிப்பும் இல்லாமல் அறுபதுக்குப் போனது. பிறகு எண்பது. பிறகு நூறு. சர்வர் அணைந்தது. மூன்று வருஷமாகக் கேட்ட இரைச்சல் நின்றதும் அறையே காது அடைத்தது போல இருந்தது. நான்கு நிமிஷம் கழித்து மறுபடி இரைந்தது. செங்கோட்டுவேல் ரசத்தை மேஜையில் வைத்துவிட்டு, ராசிபுரத்தைத் திறந்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு.

தமயந்தி ரசத்தைச் சாதத்தில் ஊற்றிக்கொண்டார். ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை.

செங்கோட்டுவேல் பலகையின் அருகே போனார். துணியால் ஆயிரத்து நூற்று இருபத்தேழை அழித்தார். பூஜ்யம் எழுதினார். எழுதி முடித்தும் மார்க்கரை மூட மறந்து நின்றார். பிறகு அந்த மாதத்துப் படிவத்தை எடுத்தார். ‘பேக்கப் சரிபார்க்கப்பட்டதா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. பக்கத்தில் ‘இதற்கு முந்தைய முப்பத்தேழு முறையும் சரிபார்க்கவில்லை’ என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டு, நாளை ஆய்வாளர் பார்க்கும் பைலின் மேலே வைத்தார்.

தமயந்தி அதைப் படித்தார். கேரியரைக் கழுவி மூடினார்.

வாசல் வரை வந்தார் செங்கோட்டுவேல். வெளியே வெயில் எடை மேடையின் இரும்பில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. நாளை பதினொரு மணிக்குமேல் தான் அறைக்குள்ளா, அந்த மேடையிலா என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அம்மிணி, இந்த பயம் எப்பத்தானுங்க போகும்?”

தமயந்தி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

“போச்சுன்னா போன் பண்ணுங்க. உடனே வர்றேன்.”