மறுசோறு இல்லாத விருந்து

செண்பகநல்லூர் ராஜா கொற்றவேலுக்கு நல்ல மனசு. பிள்ளையில்லாத தம்பதிகளுக்கு அரண்மனைச் செலவில் சந்தான லேகியம் கொடுக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஒரு மாதத்துக்கு ஓர் உருண்டை. அது பலிக்கவில்லையா, அடுத்த மாதம் வந்து இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இது பொக்கிஷ மந்திரி தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தியே நாலு தடவை வந்து நிற்கிறாள், மகாராஜா. ஒருவருக்கு ஒரு தடவைதான் என்று வைத்துவிடுங்கள்" என்றார். சிக்கனம் என்றால் ராஜாவுக்குத் தனிப் பிரியம். உடனே பறையறைந்து ஊருக்கு அறிவித்துவிட்டார்கள்.

ஒரே தடவைதான் என்றால் எந்தப் பெண் ஒற்றை உருண்டையோடு வீட்டுக்குப் போவாள்? "மூணு மாச உருண்டையையும் சேர்த்தே கொடுத்துடுங்க, வைத்தியரே" என்றார்கள். அரண்மனை வைத்தியருக்கும் பலிக்காமல் போனால் பெயர் கெடுமே என்ற கவலை. எத்தனை தடவை என்றுதான் உத்தரவில் இருந்தது, எத்தனை உருண்டை என்று இல்லை. கொடுத்துவிட்டார்.

அப்புறம் என்ன, ஊரெல்லாம் இரட்டைப் பிள்ளைகள், மூன்று பிள்ளைகள். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு தடவை கொடுத்தால் மூன்று குடிமக்கள். என் உத்தரவின் மகிமையைப் பாருங்கள்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். நெசவாளர் தெருவில் ஒருத்திக்கு மாதம் நிறையாமலே மூன்று பிறந்து, அதில் ஒன்று தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரிய காரியம். சபைக்கு வந்து அதைச் சொன்ன மருத்துவச்சியை ராஜா பாதியிலேயே நிறுத்திவிட்டார். இனி லேகிய உத்தரவைக் குறை சொல்பவருக்குச் சபையில் இடமில்லை என்று இன்னொரு உத்தரவும் போட்டார்.

சபையிலே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் கூத்தபிரான். அவருக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளையில்லை. மனைவி பூங்கோதைக்கு வரும் பௌர்ணமியன்று லேகிய முறை.

"நானும் மூன்றாகத்தான் வாங்கப் போறேன்" என்றாள் அவள்.

"நெசவாளர் தெருவில் நடந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கு இன்னொரு தடவை கிடைக்காதுங்கறதும் தெரியும். பயமா இருந்தா போய் உங்க ராஜாகிட்ட சொல்லுங்க."

கூத்தபிரானுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. குழந்தை ஆசை இருந்தது. ஆனால் பூங்கோதையை இழந்துவிட்டுக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

நல்லவேளையாகப் பௌர்ணமிக்கு முன்னாலேயே ராஜாவின் பிறந்தநாள் வந்தது. பந்தி விசாரிக்கும் பொறுப்பைக் கூத்தபிரான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தலைவாழை இலை போட்டாயிற்று. ராஜா நடுவில், மந்திரி பக்கத்தில். சாப்பிடக் கைவைக்கும் நேரத்தில் கூத்தபிரான் முன்னால் வந்து கும்பிட்டார்.

"பெரியோர்களே, இன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் பரிமாறுவோம். மறுசோறு கிடையாது."

பந்தியில் ஒரு சலசலப்பு. "அப்படியானால் எனக்குச் சேர்த்தே போடு" என்று முதலில் சொன்னவர் தாண்டவராயர். ராஜா மட்டும் விடுவாரா? "சாம்பாரும் ஊற்று, ரசமும் ஊற்று. அந்தப் பாயசத்தையும் இப்போதே ஊற்றிவிடு. அப்புறம் கிடைக்காதாமே."

கொட்டினார்கள். சோற்று மலை சரிந்தது. பாயசம் ரசத்தோடு கலந்தது. பாரம் தாங்காமல் ராஜாவின் இலை நடுவில் கிழிந்து, எல்லாம் அவர் பட்டு வேஷ்டியில் இறங்கியது.

"கூத்தபிரான், என்ன கோமாளித்தனம் இது?"

"சிக்கனம், மகாராஜா. ஒருவரே நாலு தடவை சாம்பார் கேட்கிறார். அதனால் ஒருவருக்கு ஒரு தடவைதான் என்று வைத்துவிட்டேன்."

"அதற்காக இப்படியா கொட்டுவது?"

"நீங்கள் கேட்டுத்தானே கொட்டினார்கள்?"

"கேட்காமல்? மறுபடி கிடைக்காது என்றால் யார்தான் கொஞ்சமாகக் கேட்பார்கள்? வேண்டுமென்றால் மறுபடி உண்டு என்று சொல்லியிருந்தால் நான் ஏன்..."

ராஜா அதோடு நிறுத்திக்கொண்டார். பாதியில் அனுப்பிய மருத்துவச்சி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இலை கிழிந்துவிட்டதே" என்றார் மெதுவாக.

"இலைதானே, மகாராஜா. இன்னொன்று போடலாம்."

"நீ லேகியத்தைப் பற்றிப் பேசுகிறாய்" என்றார் ராஜா.

"ஐயோ, நான் சாம்பாரைப் பற்றி மட்டும்தான் பேசினேன். லேகியத்தைப் பேசினால் சபையில் இடமில்லையே."

ராஜா அவரை முறைத்துப் பார்த்தார். தன் வேஷ்டியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கேயே ஓலைக்காரரைக் கூப்பிட்டு உத்தரவை மாற்றினார். ஒரு தடவைக்கு ஓர் உருண்டைதான். பலிக்காவிட்டால் மூன்று தடவை வரை வரலாம். தாண்டவராயர் ஆட்சேபிக்க வாய் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் இலையிலிருந்த சூடான ரசம் மடியில் இறங்கியதால் வேறு சத்தம்தான் வந்தது.

புது இலை வந்தது. ஒவ்வொன்றாகப் பரிமாறினார்கள். ராஜா ஆனந்தமாகச் சாப்பிட்டு, பாயசத்துக்கு நாலாவது தடவை கையைக் காட்டினார். கூத்தபிரான் குறுக்கே வந்து நின்றார்.

"மூன்று தடவைதான், மகாராஜா. ஓலையை இன்னும் சுருட்டக்கூட இல்லை."

"சரியப்பா, நாலு என்று திருத்தச் சொல்."

"பாயசத்துக்கா, லேகியத்துக்கா?"

"இரண்டுக்கும்தான். ஊற்றச் சொல்."

பௌர்ணமியன்று பூங்கோதை ஒற்றை உருண்டைதான் வாங்கினாள். பலிக்கவில்லை. இரண்டாவதும் பலிக்கவில்லை, மூன்றாவதும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அழுதாள். அழுதுவிட்டு மறுபடி போனாள். நாலாவது பலித்தது. மாதம் நிறைந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலோடு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் சௌக்கியம்.

ராஜா முத்துமாலையோடு பார்க்க வந்தார். பின்னாலேயே தாண்டவராயரும் வந்தார்.

"நாலாவது தடவையில் வந்தவள், மகாராஜா" என்றார் கூத்தபிரான்.

ராஜா குழந்தையின் கழுத்தில் மாலையைப் போட்டார். பிறகு தொந்தியைப் பெருமையாகத் தடவிக்கொண்டு மந்திரியிடம் திரும்பினார்.

"பார்த்தீரா, தாண்டவராயரே? அன்றைக்கு நான் மூன்று பாயசத்தோடு போதும் என்று எழுந்திருந்தால் இந்தக் குழந்தை எங்கே?"