கட்டுப்படியாகுமா

கோகிலவாணியின் கொப்பரைக் களத்தில் ஒரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு முப்பத்தைந்து.

சீடரின் பெயர் சென்னியப்பன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். உலகச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் டிவிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேசும்போது அவர் பெயருக்குக் கீழே 'நிபுணர்' என்று எழுத்து ஓடும்.

காங்கேயத்தில் தென்னை விவசாயிகள் கூட்டம் ஒன்றில் அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். கடைசி வரிசையிலிருந்து கோகிலவாணி எழுந்தாள்.

"அந்த உலகச் சந்தை என்ன கிழமை கூடுதுங்க?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"அது தினமும் கூடும்மா. அதுக்குன்னு ஒரு இடம் கிடையாது."

"கிழமையும் இல்லை, இடமும் இல்லை. அப்புறம் நாங்க எங்கீங்க வந்து விக்கிறது?"

அவரிடம் அதற்குப் பதில் இருந்தது. கொஞ்சம் நீளமான பதில். பாதியில் சாப்பாடு வந்துவிட்டது, எல்லோரும் எழுந்து போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் களத்துக்கு வந்தார்.

"உங்ககிட்ட கத்துக்கணும் அம்மணி."

"எங்கிட்ட என்னங்க இருக்குது? நான் பத்தாவது."

"அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் இருபது பேர் உங்களைச் சுத்தி நின்னு ஏதேதோ கேட்டாங்க. எங்கிட்ட ஒருத்தர் வந்தார். செல்ஃபி எடுத்துட்டுப் போயிட்டார்."

கோகிலவாணி நீளக் காம்பு போட்ட பலகை ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"கொப்பரையைப் புரட்டி விடுங்க. மணிக்கு ஒருக்கா."

ஒரு மாதம் புரட்டினார். உள்ளங்கை காய்த்தது. பாடம் ஆரம்பித்த மாதிரி தெரியவில்லை.

ஒருநாள் பேப்பரோடு வந்தார். வெளிநாட்டுப் பாமாயிலுக்கு வரியை ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஏற்றினால் தேங்காயெண்ணெய்க்குக் கிராக்கி வரும், கொப்பரையும் ஏறும். மூன்று நிபுணர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள்.

"ஒருத்தர் ஏறும்கிறார். ஒருத்தர் இறங்கும்கிறார். இன்னொருத்தர் ரெண்டு வாரம் போனாத்தான் ஏறும்கிறார். யார் சொல்றது சரியா இருக்கும் அம்மணி?"

"மூணு பேருமே சரியாத்தான் இருப்பாங்க."

"அதெப்படி?"

"மூணு பேருகிட்டயும் விக்கிறதுக்குக் கொப்பரை இல்லீங்களே."

சென்னியப்பன் பேப்பரை மடித்து வைத்தார். மூன்றாவது ஆள் அவர்தான்.

பங்குனியில் கோகிலவாணி தேங்காய் கொள்முதலுக்காகப் பேராவூரணிப் பக்கம் கிளம்பினாள்.

"வர மூணு வாரமாகுமுங்க. களத்தைப் பாத்துக்குங்க. மழை வந்தா முதல்ல தார்ப்பாயை இழுங்க. அப்புறமா ஏன் வந்துச்சுன்னு யோசிக்கலாம்."

அவள் போன மறுநாள் புதன்கிழமை. அந்த ஊர் விற்பனைக் கூடத்தில் கொப்பரை ஏலம் புதன்கிழமைதான். காலையில் ராமாத்தாள் வந்தாள்.

ராமாத்தாளின் கொப்பரை இந்தக் களத்தில்தான் காய்ந்தது. பதினெட்டு மூட்டை, கொட்டகையில் அடுக்கியிருந்தது. நாலு நாளைக்கு முன்னால் அவள் தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரில் 'காயில்', அதாவது உள்ளே சுற்றிய செம்புக் கம்பி, எரிந்துவிட்டது. கார்த்திகையில் நட்ட தொண்ணூறு தென்னம்பிள்ளைகள் தண்ணீர் இல்லாமல் வெயிலில் நின்றன. கொப்பரையை ஏலத்துக்கு விட்டால் சாயங்காலமே மோட்டாரைப் புதுக் காயில் கட்டக் கொடுத்துவிடலாம். டெம்போவுக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

இதில் எதுவும் சென்னியப்பனுக்குத் தெரியாது.

"கோகிலா இல்லீங்களா?"

"வெளியூர் போயிருக்காங்க. என்ன விஷயம்? எங்கிட்டயே கேக்கலாம்."

"டிவில வருவாரே, அந்தச் சாருங்களா நீங்க?"

"ஆமா."

"டிவில செவப்பாத் தெரிவீங்க."

"ஒரு மாசமா வெயில்லயே நிக்கிறேன்மா."

ராமாத்தாள் சிரித்துவிட்டுக் கேட்டாள். "சாரு, இன்னைக்கு ஏலத்துக்கு விட்டாக் கட்டுப்படியாகுங்களா?"

ஒரு மாதமாகக் களத்தில் யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்தது. இரண்டு சிரட்டைகளை எடுத்துத் தரையில் வைத்தார். ஒன்று இந்தோனேசியா, ஒன்று மலேசியா. ஒரு கீற்றுக் கொப்பரை, அது கப்பல். கையிலிருந்த பலகையைக் குறுக்கே போட்டார்.

"இதுதான் வரி. கப்பல் இங்க வந்து தட்டி நிக்கும். எண்ணெய் உள்ள வராது. அப்ப நம்ம கொப்பரை என்ன ஆகும்?"

"என்ன ஆகுமுங்க?"

"ஏறும்! இன்னைக்கு விடாதீங்க. ரெண்டு ஏலம் பொறுங்க. மூணாவது ஏலத்துல பாருங்க."

"ரெண்டு ஏலமுங்களா?" ராமாத்தாள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "அதுக்கில்லீங்க சாரு, தோட்டத்துல வந்து..."

போன் அடித்தது. டிவிக்காரர்கள்.

"ஒரு நிமிஷம்மா" என்று எடுத்தவர் எட்டு நிமிஷம் பேசினார். உலக வர்த்தகம், உள்நாட்டு விவசாயி, அரசின் கொள்கை. எல்லாம் தெளிவாகச் சொன்னார். விவசாயிகள் அவசரப்பட்டு விற்கக் கூடாது என்று முடித்தார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ராமாத்தாள் வாசலில் நின்று டெம்போவைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன் போனது. இன்னொரு புதன் வந்தது, விலை அப்படியே நின்றது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வரியை ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது புதன்கிழமை கொப்பரை ஏறியது. அவர் சொன்ன நாளில், ஏறக்குறைய அவர் சொன்ன அளவுக்கு. நீங்கள் ஒருத்தர்தான் சரியாகச் சொன்னீர்கள் என்று டிவிக்காரர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

ஏலத்தில் கொப்பரையை விற்றுவிட்டு, மத்தியானம் ராமாத்தாள் களத்தில் கிடந்த தன் காலிச் சாக்குகளை எடுத்துப்போக வந்தாள்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

"சொன்னபடியே ஏறிருச்சுங்க சாரு. விற்பனைக் கூடத்துல உங்க பேச்சுத்தான்."

"நல்ல விலையா?"

"நல்ல விலைதானுங்க."

சாக்கை உதறி மடித்தாள். வலது கை மேலே எழும்பவில்லை. இடது கையாலேயே மடித்துக்கொண்டிருந்தாள்.

"கைக்கு என்னம்மா?"

"கொடம் தூக்குனதுங்க. மோட்டாரு எரிஞ்சு கெடக்குதில்லீங்க. பக்கத்துத் தோட்டத்துத் தொட்டியில மொண்டு மொண்டு புள்ளைங்களுக்கு ஊத்துனேன். காயில் கட்டத்தான் இப்பப் போறேன்."

"மோட்டார் எப்ப எரிஞ்சது?"

"உங்ககிட்ட வந்தனே, அதுக்கு நாலு நாள் முன்னாடி."

சென்னியப்பன் பலகையைக் கீழே வைத்தார்.

"தென்னம்பிள்ளை எத்தனை?"

"தொண்ணூறுங்க. அம்பத்திரண்டு நிக்குது."

"அம்மா, இதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"வாயெடுத்தனுங்க. நீங்க கப்பலு, வரி, மலேசியான்னு ஒலகத்தையே பரப்பி வெச்சிருந்தீங்க. அதுக்கு நடுவுல எங்க மோட்டாரைக் கொண்டாந்து வெக்கக் கூச்சமாப் போச்சுங்க."

சாக்குகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துக் கோகிலவாணி தேங்காய் லாரியோடு வந்து இறங்கினாள். களத்தைச் சுற்றிப் பார்த்தாள். கொப்பரை நன்றாகக் காய்ந்திருந்தது. சீடர்தான் வாடியிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் அவராகவே சொன்னார்.

"நான் சொன்னது தப்பா அம்மணி?"

"தப்பில்லீங்களே. ஏறிருச்சே."

"பின்னே ஏன் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்றாள்.

ராமாத்தாள் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ராமாத்தாள் இடது கையில் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்த பிள்ளைகளுக்கும் தண்ணீர் போனது, காய்ந்தவற்றுக்கும் போனது.

"வா கண்ணு. காய் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுக்கா. சாருக்கு ஒரு வேலை குடுக்கலாம்னு வந்தேன்."

கோகிலவாணி காய்ந்த பிள்ளை ஒன்றைக் காட்டினாள்.

"குருத்தைப் புடிச்சு இழுங்க."

இழுத்தார். குருத்து சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. அடி கருகிப் போயிருந்தது.

"செத்துருச்சு. அடுத்தது."

அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும். வரிசை வரிசையாகக் குனிந்து போனார். கோகிலவாணி எண்ணவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை. வேட்டி முழங்கால் வரை சேறானது. முப்பத்தெட்டில் ஒன்றே ஒன்று மட்டும் இழுக்க இழுக்க வரவில்லை. அதன் குருத்திலிருந்து மெதுவாகக் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது இருக்குதும்மா."

"அது பொழச்சுக்குமுங்க" என்றாள் ராமாத்தாள். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிவிட்டாள்.

திரும்பும்போது கோகிலவாணி கேட்டாள்.

"அன்னைக்கு அக்கா உங்களை என்ன கேட்டுச்சு?"

"விலை ஏறுமான்னு கேட்டாங்க."

"கேட்ட வார்த்தையையே சொல்லுங்க."

சென்னியப்பன் வாய்க்கால் கரையில் நின்று யோசித்தார். காலிலிருந்த சேறு வழிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு விட்டாக் கட்டுப்படியாகுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏறும்னு சொன்னேன்."

அவள் முன்னால் நடந்தாள். அவர் கொஞ்சம் பின்னால் வந்தார்.

களத்து வாசலில் அவர் நின்றார்.

"அடுத்த புதன்கிழமை வேற யாராவது வருவாங்க. நீங்க இல்லாத நேரமாப் பாத்து வருவாங்க. இதே கேள்வியைக் கேட்பாங்க. நான் என்ன சொல்லட்டும் அம்மணி?"

"உக்காருங்கன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

"ஒரு சொம்பு மோரு குடுங்க."

"சரி. அதுக்கப்புறம்? விலையைப் பத்தி?"

"குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்களே உங்களுக்குச் சொல்லிருவாங்க."