பழைய சொட்டு எது?

முன்னொரு காலத்தில், ஐப்பசி பிறந்தாலே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் ஒரு நாட்டில், தெப்பத் திருநாள் என்றால் உயிரை விடும் அரசர் ஒருவர் இருந்தார். போன வருடம் மழை பொய்த்து, விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு அரசரின் கண்ணெதிரே இவருடைய தெப்பம் சேற்றில் சிக்கிக்கொண்டது. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இந்த வருடம் ஏரி முன்னதாகவே நிரம்பியது. உபரி நீர் வழியும் கலிங்கில் வரிசையாக நட்டு, இடுக்குகளில் மண் அடைத்திருந்த கற்களின் தலைமட்டம் வரை தண்ணீர் நின்றது. அரசர் பூரித்துப்போனார்.

"இன்று ஏரியில் நிற்கும் இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தெப்பத் திருநாள் வரை வெளியே போகக் கூடாது!"

தலைமை அமைச்சரான பிரதானி விசயராயர் சட்டென்று எழுந்தார். விகடகவி சடையாண்டி வாய் திறந்தால் அரசர் சிரிப்பார். பிரதானி வாய் திறந்தால் கொட்டாவி விடுவார். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

"அரசே, காவலைச் சடையாண்டியிடம் ஒப்படையுங்கள். சொட்டு போனால் அவன் தலையும் போகட்டும்."

அரசர் தலையாட்டிவிட்டார். பிரதானி கையோடு ஆள்விட்டு, கற்களுக்கு மேலே ஒரு முழ உயரம் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தார்.

அப்புறம் பிடித்தது பாருங்கள் மழை! விட்டபாடில்லை. சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. கரைக்குக் கீழே கீழ்மடை ஊர். அங்கேதான் அவன் மகள் பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு கிடந்தாள். அடைப்பை வெட்டினால் தன் தலை போகும். வெட்டாவிட்டால் ஊரே போகும். அரண்மனைக்கு ஓடினான். "ஆணை ஆணைதான்" என்று பிரதானி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஏரிக் காவல்காரர் மாடன் நனைந்துகொண்டு ஓடிவந்தார்.

"சாமி, கரையெல்லாம் மெத்துமெத்துன்னு இருக்கு. அடியில ஊத்துக் கிளம்பிருச்சு. பொழுது சாயிற வரைக்கும் தாங்காது!"

சடையாண்டி ஏரிக்கரைக்கு ஓடினான். அங்கே கூடியிருந்த ஆட்களோடு மண்வெட்டியை எடுத்தான்.

"கல்லுக்கு மேல இருக்குற மண்ண மட்டும் வெட்டுங்கய்யா. கல்லு இடுக்குல யாரும் கை வைக்காதீங்க."

தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. மத்தியானத்துக்குள் ஏரி கற்களின் தலைமட்டத்துக்கு இறங்கியது. அதற்குள் பிரதானி அரசரையே அழைத்து வந்துவிட்டார். கூடவே வாளோடு ஓர் ஆள்.

"சடையாண்டி! என் ஆணையை மீறினாயா?"

"இல்லை அரசே. அன்று கற்களின் தலைமட்டம் வரை நின்ற தண்ணீர் இன்றும் அங்கேயே நிற்கிறது, பாருங்கள். அதற்குப் பிறகு வந்த மழையைத்தான் வழியனுப்பினேன். அதைக் காக்கும்படி எனக்கு ஆணை இல்லையே."

"பசப்புகிறான் அரசே! இரண்டும் கலந்துவிட்டன. பழைய தண்ணீரும் ஓடியிருக்கும்!" என்று பிரதானி கத்தினார்.

சடையாண்டி பிரதானியின் பக்கம் திரும்பினான். வாளைப் பார்க்காமல் கைகூப்பினான்.

"இருக்கலாம் பிரபு. ஓடிய தண்ணீர் அதோ போகிறது. அதில் பழைய சொட்டு எது என்று பிடித்துக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று போதும், தலையைத் தருகிறேன்."

பிரதானி ஆத்திரத்தில் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். வழுக்கிக் கழுத்துவரை உட்கார்ந்தார். அரசர் விலா நோகச் சிரித்தார். சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார்.

சடையாண்டி சிரிக்கவில்லை. வானத்தைக் கைகாட்டினான்.

"அரசே, மேற்கே இன்னும் கறுத்துக்கொண்டு வருகிறது. கலிங்கு இப்படியே அடைக்காமல் இருக்கலாமா?"

அரசர் வானத்தைப் பார்த்தார். கரைக்குக் கீழே கீழ்மடைக் கூரைகளைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது.

"இருக்கட்டும்," என்றார்.